சட்ட மாணவரும் கிராம ஊராட்சியும்

(ஊராட்சி அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம் இவற்றைப் பற்றியே உங்களிடம் பேசிப் பழகியவன் நான். இன்று போலீஸ் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊராட்சிக்கும் கிரிமினல் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் எண்ணலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அக்காலத்தில் நான் பணிபுரிந்த ஒன்றிய அலுவலகத்திற்கு ஓர் அம்மையார் வந்தார். தம் பெரியப்பாவின் வீட்டு வரி ரசீதுக்கு நகல் வேண்டும் என்றார். வேலை மிகுதியால் அடுத்த வாரம் வரச் சொன்னேன். வந்தார்; மறுநாள் வரச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோதுதான், "எதற்கம்மா இந்த ரசீது?" என்று கேட்டேன். அவர் கணவர் விசைத்தறிக் கூலித் தொழிலாளி. ஓர் அடிதடி வழக்கில் கைதானவர். நீதிமன்றம் ஜாமீன் வழங்கிப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. ஜாமீன்தாரராக நிற்கப் பெரியப்பா இசைந்திருந்தார். அதற்குரிய ரசீதுதான் இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகாத ஒரு மனிதர், விடுவிக்கலாம் என்று நீதிமன்றமே ஆணையிட்ட பின்னரும், என் மேசையில் கிடந்த ஒரு தாளுக்காகச் சிறையில் இருந்தார். அன்றே நகல் கொடுத்தேன். எனினும் அந்த நாட்களை அவருக்கு நான் திருப்பித் தர இயலாது.

சட்டத்தில் குறையில்லை. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட்டு முன் நிறுத்த வேண்டும் என்றும், அவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்றும் நமது அரசியலமைப்பின் 22ஆம் விதி கூறுகிறது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்னும் 39-ஏ விதி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பீகார் மாநிலச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடியவர்களின் வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றம் இவ்வுதவியைக் கைதியின் உரிமை என்றே அறிவித்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சில விதிகளை நீங்கள் அறிய வேண்டும். கைதான செய்தியை உறவினருக்கோ அவர் குறிப்பிடும் நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றமாயின், ஒரு வாரத்திற்குள் ஜாமீன் கொடுக்க இயலாதவரை ஏழையெனக் கொண்டு, ஜாமீன்தாரர் இன்றிச் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரிலேயே விடுவிக்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்தில் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பணித்துள்ளது.

சட்டம் இருக்கிறது, வழக்கறிஞரும் இருக்கிறார். ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நடந்து செல்லும் ஆள்தான் இல்லை. கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் வாய்க்கால் வெட்டாவிட்டால் வயல் காய்வது போன்றதே இது.

அந்த வாய்க்காலை வெட்டக்கூடியவர்கள் சட்ட மாணவர்கள். சேலத்தில் மத்திய சட்டக் கல்லூரி உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் இயங்கி வருகின்றன. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரமும் களப்பயிற்சி பெற வேண்டும். அப்பயிற்சி பெறத்தக்க இடங்களின் பட்டியலில் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றுடன் உள்ளாட்சி அமைப்புகளும் இடம்பெற்றுள்ளன. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மேலும், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு கிராமத்தையே தத்தெடுத்துப் பணிசெய்ய இடமளிக்கின்றன.

மாணவர் வழக்கறிஞர் அல்லர். நீதிமன்றத்தில் வாதாட அவருக்கு அதிகாரமில்லை. ஆசிரியர் அல்லது வழக்கறிஞரின் மேற்பார்வையிலேயே அவர் இயங்க வேண்டும். ஆயினும் அவர் செய்யக்கூடியவை பல. கைதானவரின் குடும்பத்தைச் சந்தித்து விவரங்களைக் குறித்துக்கொள்ளலாம்; சட்ட உதவி மனுவை எழுதிக் கொடுக்கலாம்; குடியிருப்பு, தொழில், குடும்பநிலை பற்றிய சான்றுகளைத் திரட்டி வழக்கறிஞரிடம் சேர்க்கலாம்; வாய்தா நாளைக் குடும்பத்தாருக்கு நினைவூட்டலாம். வாய்தாவுக்குச் செல்லத் தவறி, வாரண்டு பிறந்து, மீண்டும் சிறை செல்லும் ஏழைக்கு இந்த நினைவூட்டலே பெரும் உதவி.

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1990இல் இத்தகைய அமைப்பு ஒன்று தோன்றியது. ஏழைகளுக்காக வாதாடும் அலுவலகத்தை நீதிமன்ற வாசலில் வைக்காமல், அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே வைத்தனர். கைதானவரைப் பற்றி அவர் அயலார் அறிந்தவை வழக்குக்குப் பயன்படும் என்பதே அதன் உட்கருத்து. நமது கிராமத்தில் அயலார் அறியாதது ஏது?

"திருடனுக்கும் அடிதடிக்காரனுக்கும் ஊர் துணைபோக வேண்டுமா?" என்று சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. நாம் துணைபோவது குற்றத்திற்கு அன்று, நியாயமான விசாரணைக்கு. அடிபட்டவர் பக்கமும் இதே ஊரில்தான் இருக்கிறது. அவரைச் சமாதானத்துக்கு வற்புறுத்துவதோ, சாட்சியைக் கலைப்பதோ மாணவரின் வேலையும் அன்று, ஊராட்சியின் வேலையும் அன்று. குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றமே. கட்டப்பஞ்சாயத்துக்கு இதில் சிறிதும் இடமில்லை.

சேலத்து மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. சேலம் விஜயராகவாச்சாரியார் 1882ஆம் ஆண்டுக் கலவர வழக்கில் சிக்கிப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பெற்றார். சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டு விடுதலையானார். 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அவர் சட்டம் கற்றவர். முறையிடும் வழி அறிந்தவர். வழி அறியாத தறித் தொழிலாளியும், மரவள்ளிக் காட்டுக் கூலியாளும், வெளிமாநிலச் சாலையில் விபத்து வழக்கில் சிக்கிய நாமக்கல் லாரி ஓட்டுநரும் என்ன செய்வர்?

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, சட்டக் கல்லூரி முதல்வருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கும் ஊராட்சியின் பேரால் கடிதம் எழுதிக் களப்பயிற்சி மாணவர்களை அழையுங்கள். அவர்கள் அமர ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போதும். இரண்டாவது, இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்னும் தொலைபேசி எண்ணை ஊராட்சிச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், லாரிப் பட்டறையிலும் எழுதி வையுங்கள். நாட்டின் எந்த மாநிலத்தில் சிக்கியவரும் இவ்வெண்ணில் உதவி கேட்கலாம். மூன்றாவது, ஜாமீனுக்காக வீட்டு வரி ரசீது கேட்டு வருபவரை மறுநாள் வரச் சொல்லாதீர்கள். முதலாவதற்குக் கல்லூரியின் ஒத்துழைப்பு வேண்டும்; மூன்றாவதற்கு நம் மனம் ஒன்றே போதும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து விவாதியுங்கள். மாணவர்கள் புத்தகத்தில் காணாத பாடத்தை நம் ஊரில் கற்பார்கள். நம் ஊராரும் தமக்குள்ள உரிமையை அவர்களிடம் கற்பார்கள். சாலை போடுவது போலவே, தீர்ப்புக்கு முன் ஒருவரும் வீணே சிறையில் வாடாதபடி பார்த்துக்கொள்வதும் கிராம வளர்ச்சிப் பணியே என்று கூறி அமைகிறேன்.