உதைக்கும் காலுக்குக் காவல்

மாலை வேளைகளில் நம் காலனிப் பிள்ளைகள் வெள்ளுடையும் வண்ண பெல்ட்டும் அணிந்து டேக்வாண்டோ பயிலச் செல்வதைக் கண்டு நாம் அனைவரும் மகிழ்கின்றோம். கொரிய நாட்டில் தோன்றிய இக்கலை 1955-ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. காலும் கையும் கொண்டு பொருதும் நெறி என்பது அதன் பொருள். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது பதக்கத்திற்குரிய விளையாட்டாயிற்று. இதில் கையைக் காட்டிலும் காலுக்கே முதன்மை. ஆதலின் காயமும் காலையே நாடி வருகின்றது. அதனைத் தவிர்க்கும் வழி குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பாதம் ஒன்றில் எலும்புகள் 26. அவற்றுள் விரல்களுக்குப் பின்னே உள்ள ஐந்து நீண்ட எலும்புகளின் மேற்புறத்தில் தசைப்பற்று மிகக் குறைவு. எதிராளியின் முழங்கையோ திண்ணியது. விரைந்து வீசிய புறங்கால் அம்முழங்கையில் மோதின், அடிபட்டவரினும் அடித்தவரே மிக வருந்துவர். உதையின் வேகத்தைவிட, அது சென்று சேரும் இடமே பெரிதும் காயத்தை விளைவிக்கின்றது. இதனை உணர்ந்து பழகுதல் வேண்டும்.

முதலாவது, முழங்காலை உயர்த்திய பின்னரே பாதத்தை வீசுக. தரையிலிருந்தே சுழற்றி எறியும் கால், கீழிருந்து சென்று எதிராளியின் முழங்கையில் எளிதில் தட்டுப்படும். முழங்காலை முன்னர் உயர்த்தினால், எதிராளியின் கை எங்குள்ளது என நோக்கி, உதையின் திசையை மாற்றவோ நிறுத்தவோ இயலும்.

இரண்டாவது, பாதத்தின் நிலை. புறங்காலால் சுற்றி உதைக்கும் 'தோல்யோ சாகி'யில் கணுக்காலை நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கிப் பாதத்தை இறுக்குக. நேரே உதைக்கும் 'ஆப் சாகி'யில் விரல்களை மேல்நோக்கி வளைத்து, அடிப்பாதத்தின் முன்மேட்டால் தாக்குக. தளர்ந்து தொங்கும் விரல்கள் எளிதில் அடிபடும்.

மூன்றாவது, ஊன்றிய கால். அது திரும்பாது நின்றால், முறுக்கம் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்கும். முன்பாதத்தின்மீது சுழலப் பழகுக.

நான்காவது, காப்புப் பொருள்கள். பயிற்சி மோதலில் பாதக் காப்பு அணிதல் நன்று. போட்டியில் அணியும் மின்னுணர்வுக் காலுறை புள்ளி கணக்கிடுதற்கென அமைந்தது. அதனை முழுக் காவல் என எண்ணிவிடலாகாது. நகங்களை ஒட்ட வெட்டுவதும், விரிப்புகளின் இடையே பிளவு உளதா எனப் பார்ப்பதும் சிறு செயல்களேனும் பெரும்பயன் தருவன.

இனித் தாய் தந்தையர்க்கு ஒன்று. பெல்ட் தேர்வு நெருங்குங்கால் பிள்ளைகள் வலியை மறைப்பதுண்டு. நாமும் சுளுக்கு என்றெண்ணி எண்ணெயிட்டு நீவுகின்றோம். எலும்பு விரிசல் கண்டிருந்தால் அந்நீவலே தீங்காக முடியும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிப் பகுதி உண்டு. அங்கு நேரும் முறிவைக் கவனியாது விட்டால் எலும்பின் வளர்ச்சியே குன்றக்கூடும்.

எனவே அடிபட்ட உடனே ஆட்டத்தை நிறுத்துக. துணியிற் சுற்றிய பனிக்கட்டியை 15 அல்லது 20 நிமிடம் வைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க. நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிடினும், எலும்பின்மீது குறித்த ஓரிடம் தொட்டவுடன் கடுமையாக நொந்தாலும், மறுநாள் வரை காத்திராது மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் கடமையாகும்.

வலிக்கின்றது என்று உண்மை கூறும் பிள்ளையைக் கோழை என்று நாம் இகழாதிருப்போமாக. இகழ்ச்சிக்கு அஞ்சியே பிள்ளைகள் நொண்டிக்கொண்டு களம் புகுகின்றனர். தவறிய தேர்வு மீண்டும் வரும். அதனை எழுந்து நின்று எழுத, நம் பிள்ளைகளுக்கு நலமுள்ள கால்கள் வேண்டும் அன்றோ!