மாதம் ஓர் ஐந்தொகை

(விருதுநகரில் நமது சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசுமாறு பணித்த விஷயம் ஒரு தாள் அளவே உள்ளது. மாதம் ஒன்றுக்கு ஒரு தாளை எதிரே விரித்துவைத்துக்கொண்டு, தேகத்தையும் மனத்தையும் வீட்டுக் காரியங்களையும் எவ்விதம் நடத்தப் போகிறோமென்று முன்கூட்டி வகுத்து, நடந்ததை நாள்தோறும் குறித்து, மாதக் கடைசியில் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியது அது. இத்தாளை நம் பிள்ளைகள் 'வெல்னஸ் பிளானர்' என்று அழைக்கின்றனர். பெயர் நமக்குப் புதிது; காரியமோ நம் கடைகளில் நெடுநாளாய் நடப்பதே என்பது என் கட்சி.

கணக்கு விஷயத்தில் நம்மவருக்கு எவரும் ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்லாப்பெட்டியில் பத்து ரூபாய் குறையுமாயின், இரவு பதினொரு மணியாயினும் விளக்கை அணையாது தேடுகின்றவர் நாம். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் கொண்டுசென்று, இருப்பு நேராகும் வரையில் நமக்கு உறக்கம் வாராது. இந்நாளில் கணினி அவ்வேலையைச் செய்யினும் அப்பழக்கம் நம்மை விட்டு நீங்கிற்றில்லை. நம் முன்னோர் சரக்குக்கு இவ்வளவென்று மகமை எடுத்துவைத்து, அப் பொதுப்பணத்தால் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் கண்டனர். இவ்வூர்ப் பெண்மக்கள் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்க, அப் பிடியரிசி கொண்டு நடந்தது க்ஷத்திரிய வித்தியாசாலை. 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் இங்கே பிறந்த காமராஜரவர்கள் கல்வி பயின்றதும் அப் பாடசாலையிலேயே. ஒரு பிடி அரிசியால் ஒரு வீடும் ஏழையாகவில்லை; மறவாமல் எடுத்தமையால் ஒரு பள்ளிக்கூடம் உண்டாயிற்று. நான் இன்று கேட்பதும் நாளொன்றுக்கு ஒரு பிடியளவு நேரமேயாம்.

நிற்க. இவ்வளவு கணக்கறிந்த நாம் ஒரு புள்ளிக்கு மட்டும் பேரேட்டில் பக்கம் ஒதுக்கவில்லை. சென்ற தை மாதத்தில் வற்றல் என்ன விலை விற்றதென்று நம் வர்த்தகர் ஒருவரைக் கேளுங்கள். ரகம் ரகமாகச் சொல்லுவார். அதே தை மாதத்தில் அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்ததென்று கேளுங்கள். "டாக்டர் ஏதோ சொன்னார், சீட்டு வீட்டில் எங்கோ கிடக்கிறது" என்பார். இருவகை எண்ணும் அதே மனிதரைச் சார்ந்தவை. ஒன்று நினைவிலிருக்கிறது, மற்றொன்று சீட்டோடு போயிற்று.

இதில் வேடிக்கை யாதெனில், தேசத்துக்கெல்லாம் நாட்காட்டி அச்சிட்டு அனுப்புவது நமது சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் சண்முக நாடாரவர்களும் அய்ய நாடாரவர்களும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அவ்வச்சகங்களிலிருந்தே காலண்டரும் டைரியும் கிளைத்தன. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வருங்காலண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைப் பூசையிட்டு வெளியிடுவது இன்றும் அங்கே வழக்கம். ஊராருக்கெல்லாம் நாள் விற்கும் நம் வீட்டிலோ, தைப்பொங்கலுக்கு அன்பளிப்பாய் வந்த டைரி முதல் வாரத்தோடு வெறுமையாய்க் கிடந்து, பிற்பாடு வண்ணான் கணக்குக்கு உதவுகின்றது. தினசரித் தாளைக் கிழிக்கும்போது இராகு காலமும் நல்ல நேரமும் பார்க்கிறோம். அந் நேரத்தை எவ்விதம் செலவிட்டோமென்பதற்கு அத் தாளில் இடமுமில்லை, நாம் கேட்பதுமில்லை.

ஆயினும் நம் தாய்மார்கள் இவ் விஷயத்தில் ஆடவரினும் முன்னிற்பவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பாருங்கள். பால் வாராத நாளுக்கு ஒரு பெருக்கற்குறி. எரிவாயு உருளை மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். சீட்டுப் பணம் கட்டும் நாளுக்கு ஒரு கோடு. மாதவிலக்கு நாளுக்கு, வீட்டிலுள்ள வேறெவருக்கும் விளங்காத ஒரு சிறு புள்ளி. ஒரு குடும்பத்தின் முழு நிர்வாகமும் அந்த ஒற்றைத் தாளில் அடங்கியிருக்கிறது. இன்றைய புதுப் பிளானர் இவ்வடுக்களைத் தாளுக்கு இரண்டொரு பத்திகள் கூட்டியதேயன்றி வேறன்று.

நாட்குறிப்பெழுதுதல் கல்விமான்களுக்கு மட்டுமே உரியதென்று எண்ணுவோருக்கு இரு வியாபாரிகளைக் காட்டுவேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு துபாஷியாயிருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-இல் காலஞ்சென்ற வரையிலும் தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், துரைமாரின் கோபதாபங்களும், தம் குடும்பத்துச் சுபாசுபங்களும் அதிற் பதிவாயின. மற்றவர் அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் தொழிலால் அச்சுக்கூடத்தாராதலின், சிவகாசிக்காரருக்கு ஒரு வகையில் உறவினரெனலாம். அவர் வாலிபத்தில் 13 நற்குணங்களைத் தேர்ந்து, சிறு புத்தகமொன்றில் குணத்துக்கொரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள் வரைந்து, தவறிய நாளில் கரும்புள்ளியிட்டு வந்தார். வாரத்துக்கு ஒரு குணத்தின்மேலேயே முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளியைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகவே, பிற்பாடு தந்தத் தகட்டிலெழுதி ஈரப் பஞ்சால் துடைத்தாராம். அவருக்கு மிகவுந் தொல்லை கொடுத்த குணம் எதுவென்று நினைக்கிறீர்கள்? பொருள்களையும் காரியங்களையும் ஒழுங்குபட வைத்தலே. பூரணத்துவம் தமக்குக் கிட்டவில்லையென்றும், முயன்றமையால் முயலாதிருந்ததைவிட மேலானோம் என்றும் அவரே தம் சரித்திரத்தில் ஒத்துக்கொள்ளுகிறார். மேசையைச் சுத்தமாக வைக்க முடியவில்லையே என்று வருந்தும் நம் இளைஞர்களுக்கு இது சிறிது ஆறுதலளிக்கட்டும்.

இனி, இத் தாள் நம்மவருக்கு ஏன் அவசரமாய் வேண்டியிருக்கிறதென்பதைச் சொல்லுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுள்ளோர் சுமார் 10 கோடியென்றும், இரத்த அழுத்தமுள்ளோர் 31 கோடிக்கு மேலென்றும் கணக்கிட்டது. காலை எட்டு மணிக்குக் கடையேறி இரவு பத்து மணிக்கு இறங்குகிறவர், உட்கார்ந்த இடத்திலேயே வருகிறவர்க்கெல்லாம் மரியாதையாகத் தாமும் ஒரு தேநீர் அருந்துகிறவர், மத்தியான உணவை மூன்று மணிக்கு உண்கிறவர், இவ்விரு நோய்க்கும் வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பரிசோதனைக்கு முந்திய நாள் பட்டினியிருந்து வைத்தியரை ஏமாற்றுகிறவர்களும் நம்மிலுண்டு. அவர்கட்கு ஒரு செய்தி: இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளந்தால் சென்ற மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். நாள்வழியைத் திருத்தலாம்; இப் பேரேட்டைத் திருத்தவொண்ணாது. 2021 ஆகஸ்டு முதல் அரசாங்கத்தார் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி வீட்டுக்கே ஆளனுப்பி இவ் வியாதிகளைப் பார்த்து மருந்து தருகின்றனர். வருகிறவர் எழுதிச் செல்லும் எண்ணை நாமும் நம் தாளில் எழுதி வைத்தாலன்றி, ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நமக்கு எவ்வாறு விளங்கும்?

பெண்மக்கள் விஷயம் இதனினும் கவலைக்குரியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுள்ளவர்கள். களைப்பைச் சுபாவமென்றும், மூச்சு வாங்குதலை வயதென்றும் எண்ணி அவர்கள் வேலை செய்துகொண்டேயிருக்கிறார்கள். மாதவிலக்கு எத்தனை நாள் நீடித்தது, மாடிப்படி ஏறுகையில் எப்போது இளைத்தது, எந்நாள் தலைசுற்றியது என்று மூன்று மாதம் குறித்துக்கொண்டு சென்றால், வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்குப் பாதி விடை கையிலேயே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருவர் தாளை மற்றொருவர் பார்க்கலாகாது. மருமகளின் தாளை மாமியார் புரட்டுவதும், மனைவியின் தாளைக் கணவர் கேட்பதும், மகளின் தாளைத் தகப்பனார் பரீட்சை செய்வதும் தொடங்குமாயின், அன்றே அத் தாளிற் பொய் புகும். கடைக் கணக்கைத் தணிக்கை செய்ய அதிகாரியுண்டு. இக் கணக்குக்கு எழுதுகிறவரே தணிக்கையாளர். காட்டவேண்டுமென்று தாமே விரும்பினால் காட்டட்டும். "எங்கள் வீட்டில் ஒளிவு மறைவில்லை" என்று பெருமை கூறும் பெரியவர்கள் தங்கள் தாளை முதலில் கூடத்துச் சுவரில் ஒட்டிவைக்கச் சம்மதிப்பார்களா?

நமது வட்டாரத்துக்கே உரிய மற்றொன்று உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் நம் சகோதரர் பலர் பட்டாசு ஆலை நடத்துகின்றனர்; பல்லாயிரவர் அங்கே உழைக்கின்றனர். வெடிக்குங் கலவைக்கும் நோய் தீர்க்கும் பொருளுக்கும் 'மருந்து' என்ற ஒரே சொல்லை வழங்கும் பிரதேசம் நம்முடையது. ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை மருந்து என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. அளவு மிஞ்சினால் அறையே பகையாகும். மனித தேகத்துக்கும் அவ்விதமே ஒரு நாளைக்கு இவ்வளவென்ற வரம்புண்டு. அதை எழுதிவைத்த உரிமம் எச் சுவரிலும் தொங்குவதில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் மாண்டதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணங் காண்பது விசாரணை செய்வோர் கடமை. அதில் நான் புகவில்லை. ஆனால் உறக்கமில்லாத கண்ணும் ஆர்டர் முடிக்கும் அவசரமும் மருந்தறைக்குள் நுழையத் தகாதவை என்பதற்கு விசாரணை வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்திய இரு மாதங்களில் எத்தனை நாள் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினோமென்று ஆலை முதலாளி முதலில் தம் தாளிற் குறிக்கட்டும். பிறகு போர்மேனைக் குறிக்கச் சொல்லட்டும். தொழிலாளியின் தாளை வாங்கிப் பார்த்துச் சம்பளம் பிடிக்கும் யோசனை எவருக்கேனும் இப்போதே உதித்திருக்குமாயின், தயவுசெய்து அதனை இம் மண்டபத்திலேயே விட்டுச் செல்லுங்கள். தீபாவளி கழிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களிலோ கூலியில்லாக் கவலையும் குடியும் வீடு புகும். அவ் வாரங்களையும் ஐப்பசியிலேயே தாளில் வகுத்துவைப்பது நலம்.

எழுதும் முறை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாதம் பிறக்குமுன் தவிர்க்கவொண்ணாத நாட்களை முதலிற் குறித்துவிடுங்கள்: கலியாணங்கள், வரி கட்டும் தேதி, பிள்ளைகளின் பரீட்சை, பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல். எஞ்சியதில் தேகத்துக்கு ஒரு நோக்கம், மனத்துக்கு ஒரு நோக்கம், பிறருக்கு ஒரு நோக்கம், இவ்வளவே. பத்து நோக்கங்களை எழுதுகிறவர் எட்டாம் தேதிக்குள் தாளைச் சுருட்டிவிடுவாரென்பது நான் அநேகரிடம் கண்டது. நாள்தோறும் கடை எடுத்துவைத்தபின், தூங்கிய நேரம், நடந்த தூரம், கோபித்துக்கொண்ட தடவை ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எண் இட்டால் போதும். 'கோபத்துக்கு எண்ணா?' என்று சிரிக்கிறீர்கள். பிராங்க்ளின் தம் குறைகளுக்குப் புள்ளி வைத்தாரே! எண்ணத் தொடங்கிய முதல் மாதத்தில் அது கூடினாற்போலத் தோன்றும். முன்பு எண்ணாமலிருந்ததே அதன் காரணம். மாதக் கடைசி ஞாயிறன்று அரை மணி நேரம் தனித்திருந்து கூட்டிப் பாருங்கள். எந்த நோக்கம் நிறைவேறவில்லையோ அதனைத் திட்டாமல், அது குறுக்கே விழுந்த நாட்கள் எவையென்று மட்டும் பாருங்கள். சனிக்கிழமைகளாகவே இருந்தால் சனிக்கிழமையை மாற்றவேண்டும், ஆளை அன்று. புள்ளிகளைக் கண்டு மனம் மிகவும் சோர்வடைகிறவர், உறக்கமின்மையும் துக்கமும் இரு வாரத்துக்கு மேல் நீடிக்கிறவர், தாளை மடித்துவைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். அது தாளுக்கு அடங்கிய காரியமன்று.

சிவகாசியிலுள்ள நம் அங்கத்தினரொருவர் தமது அச்சகத்தில் இத் தாளைப் பன்னிரண்டு மாதத்துக்கும் இலவசமாக அடித்துக் கொடுத்துள்ளார். வாயிலருகே மேசைமேல் அடுக்கியிருக்கிறது. வீட்டுக்கொன்றாக எடுக்காமல் தலைக்கொன்றாக எடுத்துச் செல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு. பக்கத்து அறையில் வைத்தியர்கள் மத்தியானம் ஒரு மணி வரையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் எண்ணை முதற்கட்டத்தில் எழுதிக்கொண்டபின் பந்திக்கு வரலாம்.