இறக்கி வைக்கவும் கற்றுக்கொடுப்போம்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணித்திறன் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கபடி, கோ-கோ, சதுரங்கம் ஆகியவற்றுக்குப் புதிய மாணவர்களை எப்படி அழைத்து வருவது என்று எனக்கு முன்பு பேசியவர்கள் அழகாகச் சொன்னார்கள். எனக்குத் தரப்பட்டது துப்பாக்கி சுடுதல். அறிவியல் டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பள்ளியின் என்.சி.சி. பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முகாம்களில் மாணவிகள் படுத்த நிலையில் .22 ரைபிள் சுடும்போது அருகில் நின்று பார்த்தேன். பிறகு மாவட்ட ரைபிள் கிளப் பயிற்றுநரிடம் ஏர் ரைபிளின் அடிப்படைகளைக் கற்றேன். இப்போது சனிக்கிழமைகளில் விருப்பமுள்ள சில மாணவர்களை அங்கே அழைத்துச் செல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்த விளையாட்டு முதலில் அறிமுகமானது மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோதான். பலூன் சுடும் கடை. காசைக் கொடுத்ததும் குண்டு போட்ட துப்பாக்கி கைக்கு வந்துவிடும். வாங்கியவுடன் விரல் நேராக விசைக்குப் போகும். பின்னால் நிற்கும் அண்ணன் 'சுடுடா, சுடுடா' என்பான். பலூன் வெடித்தால் கைதட்டல், வெடிக்காவிட்டால் சிரிப்பு. அது ஒரு மாலைப் பொழுதின் வேடிக்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே துப்பாக்கி கையில் வந்ததும் விசை, விசையை அழுத்தியதும் முடிவு. ஒரு பிள்ளையை விளையாட்டுக்குள் கொண்டுவரும்போது இந்த வரிசையை நாம் தலைகீழாக மாற்ற வேண்டும்.

முதலில் இந்த விளையாட்டின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பயன்படும் பெல்லட் ஈயத்தால் ஆனது. விட்டம் 4.5 மில்லிமீட்டர். குறி அட்டையின் நடுவில் 10 மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் நாம் வைக்கும் புள்ளி அதைவிடப் பெரியது. மின்னணுக் குறியில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 10.9. தகுதிச் சுற்றில் மொத்தம் 60 குண்டுகள்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரீஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 புள்ளிகள் எடுத்தார். 60 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குண்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல். அப்படியும் அவருக்குக் கிடைத்தது 10-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான் போக முடியும். இவ்வளவு நுட்பமான விளையாட்டு இது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே ஏர் ரைபிள் பிரிவில்தான் தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

இந்தத் தகுதிச் சுற்றுக்குத் தரப்படும் நேரம் 1 மணி 15 நிமிடம். அதாவது 75 நிமிடங்கள், 60 குண்டுகள். ஒரு குண்டுக்கு 75 விநாடிகள். துப்பாக்கியைத் தூக்கி, குறிபார்த்து, விசையை அழுத்தச் சில விநாடிகள் போதும். மீதி நேரம் எதற்கு? மூச்சைச் சீராக்க, நிலையைச் சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது சரியாக வரவில்லை' என்று தோன்றினால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்க. தூக்கிய துப்பாக்கியைச் சுட்டே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெரிய வீரர்களும் இறக்கி வைக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டிய முதல் திறமை இதுதான் என்று நான் நம்புகிறேன். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் வருவதில்லை. கேள்வி கேட்டதும் கை தூக்க வேண்டும், மணி அடிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்றே பழக்கியிருக்கிறோம். சுடுதளத்தில் முதன்முதலாக நிற்கும் பிள்ளையைக் கவனியுங்கள். கை நடுங்கும், மூச்சு முட்டும், கண் கலங்கும். இருந்தாலும் எல்லாரும் பார்க்கிறார்களே என்று விசையை இழுத்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர், 'பரவாயில்லம்மா, இறக்கு. மூச்சு விடு. மறுபடி தூக்கலாம்' என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று முறை சொன்னால் போதும். பிறகு பிள்ளையே சொல்லும்.

இனி, வரிசைக்கு வருகிறேன். முதல் நாள் பெல்லட் டப்பாவைத் திறப்பதே இல்லை. அன்றைக்குப் பாடம் நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது. குழல்முனை எப்போதும் குறிப் பக்கமே இருக்கட்டும். சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். நிறுத்து என்ற கட்டளை கேட்டால் அந்த நொடியே நிறுத்து. 'ஸ்டாப்' என்று பயிற்றுநர் சொன்னதும், கண்ணில் குறி எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சுடக்கூடாது. எல்லாத் துப்பாக்கிகளும் திறந்த நிலையில் மேசைமேல் வைக்கப்பட்டு, பாதுகாப்புக் கொடி செருகப்பட்ட பிறகே அட்டையை எடுக்க முன்னே செல்லலாம். இதைப் பத்து முறை ஒத்திகை பார்ப்போம். பிள்ளைகளுக்கு அலுக்கும். அலுக்கும்வரை செய்வதுதான் நோக்கம்.

ஈயத்தைப் பற்றியும் அன்றே சொல்லிவிட வேண்டும். பெல்லட்டை வாயில் வைக்கக்கூடாது. சுடுதளத்தில் எதையும் தின்னக்கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் தொடக்கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். .22 ரைபிள் என்றால் காதுக்கும் காப்பு வேண்டும்.

இரண்டாம் நாள், எந்தக் கண் முதன்மைக் கண் என்று பார்ப்போம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையே ஒரு சிறு துளை அமையும்படி சேர்த்து, அதன் வழியே தொலைவில் உள்ள கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள் நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். வலக்கைப் பழக்கம் உள்ள சிலருக்கு இடக்கண் முதன்மையாக இருக்கும். இதைப் பாராமல் துப்பாக்கியைக் கொடுத்தால், அந்தப் பிள்ளை காரணம் தெரியாமலே தவறவிட்டு, 'எனக்கு வராது' என்று போய்விடும்.

மூன்றாவதாகத்தான் குறிபார்த்தல். பின்குறி, முன்குறி, அட்டை என்று மூன்றும் மூன்று தொலைவில் இருக்கின்றன. கண்ணால் ஒரே நேரத்தில் மூன்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. விழியின் தகவமைப்புத் திறனைப் பற்றி வகுப்பில் நடத்துகிறோமே, அதே பாடம்தான். முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டும், அட்டை சற்று மங்கலாகத் தெரியலாம் என்று சொல்லும்போது பிள்ளைகள் வியக்கிறார்கள். அடைய வேண்டியதை விட்டுவிட்டு அருகில் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறார்களே என்று!

அதன் பிறகே பெல்லட். அதுவும் மேசைமுன் உட்கார்ந்து, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் தாங்கவைத்துத்தான். பாரம் மூட்டையில் இருப்பதால் பிள்ளையின் கவனம் மூச்சிலும் விசையிலும் நிற்கும். மூச்சை மெல்ல வெளியே விட்டு, இயல்பாக வரும் சிறு இடைவெளியில் விசையை நேர் பின்னோக்கி மெதுவாக அழுத்த வேண்டும். நேரம் நீண்டால் பார்வை மங்கும். உடனே இறக்கிவிட வேண்டும். குண்டு போன பிறகும் ஓரிரு விநாடி அசையாமல் இருக்க வேண்டும்.

அட்டையைத் திருப்பி மாட்டிவிடுவோம். வட்டமும் எண்ணும் இல்லாத வெள்ளை முதுகுப் பக்கம். அதில் ஐந்து குண்டுகள். 'எத்தனை மார்க் டீச்சர்?' என்று கேட்டால், 'மார்க் கிடையாது, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று ஸ்கேலால் அள' என்பேன். ஐந்தும் ஒரு மூலையில் நெருக்கமாக விழுந்தால் அந்தப் பிள்ளை சரியாகச் செய்திருக்கிறது. குறியமைப்பின் திருகுகளைத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, ஒன்று மட்டும் நடுவில் விழுந்தால் அது அதிர்ஷ்டம். துல்லியம், நுட்பம் என்ற அளவீட்டுப் பாடத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் தொடக்கத்திலேயே ஊட்ட வேண்டும். சுட்டதும் அட்டையைப் பார்க்கும் முன், குண்டு எங்கே போயிருக்கும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். 'வலப்பக்கம் கீழே போயிருக்கும் டீச்சர், கடைசியில இழுத்துட்டேன்.' அது சரியாக இருந்தால், குண்டு 7-இல் விழுந்திருந்தாலும் நான் பாராட்டுவேன். தன் வேலையின் தரத்தைத் தானே கண்டுசொல்லும் பிள்ளைக்கு அடுத்த குண்டைத் திருத்தத் தெரியும். மதிப்பெண்ணை நாம் சொல்லும்வரை காத்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பிறவியிலேயே ஒரு காலில் பலம் குறைவு. விளையாட்டுப் பாடவேளை முழுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பாள். அவளை அழைத்துப் போகலாமா என்று கேட்டபோது அவள் அம்மா பயந்தார். 'ஏற்கெனவே இவள ஒரு மாதிரியாப் பேசுறாங்க டீச்சர். இதுல துப்பாக்கி வேறயா? நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?' அந்தக் கேள்வி நியாயமானது. வாதாடவில்லை. 'நீங்களும் வந்து பாருங்கம்மா. பிடிக்கலேன்னா வேண்டாம்' என்றேன்.

வந்தார். சுவர் ஓரம் நின்று பார்த்தார். மகள் மேசைமுன் உட்கார்ந்தாள். துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். அரை நிமிடம் சத்தமே இல்லை. 'சரியா வரல டீச்சர், இறக்கிடறேன்' என்று விரலை வெளியே எடுத்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். மூன்றாம் முறைதான் சுட்டாள். வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. 'அவளா ரெண்டு தடவ வேணாம்னு வச்சிட்டாளே டீச்சர், நீங்க ஒண்ணும் சொல்லலியே?' என்று கேட்டார். அன்றே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஓடவோ குதிக்கவோ முடியாத பிள்ளைக்கும் இடம் தரும் விளையாட்டு இது. 2012-இல் கார் விபத்தில் சிக்கிச் சக்கர நாற்காலிக்கு வந்த அவனி லேகரா, டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024 பாரீஸ் பாராலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கப் போவதில்லை. மரத்தடியை விட்டு எழுந்து வர ஒரு காரணம் கிடைத்தாலே எனக்குப் போதும்.

ஆர்வத்தில் யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பள்ளி வளாகத்திலோ மைதானத்திலோ எந்தத் துப்பாக்கியும் வேண்டாம். அனுமதி பெற்ற சுடுதளம், தகுதியுள்ள பயிற்றுநர், தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் போக வேண்டாம். எதற்கு உரிமம் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் வரையறுக்கின்றன. கிளப்பிலும் காவல் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டித் தரமான ரைபிளின் விலை நம் பிள்ளைகளின் வீடுகளுக்கு எட்டாதது. யாரையும் வாங்கச் சொல்லாதீர்கள். கிளப் துப்பாக்கியே தொடக்கத்துக்குப் போதும். 'நிறுத்து' என்றால் நிற்காத பிள்ளையை அன்றைக்கு வெளியே உட்கார வையுங்கள். அடுத்த வாரம் மறுபடி முதல் நாள் பாடம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், 'எங்களுக்கு இதில் என்ன?' என்று கேட்கலாம். உங்களுக்குத் துப்பாக்கியே வேண்டாம். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டடி தள்ளி நின்று ஐந்து புளியங்கொட்டைகளைப் போடச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் எத்தனை என்று எண்ணாமல், ஐந்தும் எவ்வளவு நெருக்கம் என்று அளக்கச் சொல்லுங்கள். போடும் முன் 'சரியாக வராது' என்று தோன்றினால் கையை இறக்கிக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். போட்ட பின், எங்கே விழுந்தது என்று கண்ணை மூடியபடி சொல்லச் சொல்லுங்கள். பொறுமையும் தன்மதிப்பீடும் அங்கேயே தொடங்கிவிடும். பின்னாளில் அந்தப் பிள்ளை சுடுதளத்துக்கு வந்தால், பாதிப் பாடம் முடிந்த பிள்ளையாக வரும்.

உங்கள் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று வரும் திங்கட்கிழமை ஒருமுறை பாருங்கள். அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.