வேங்கடத்துக்கு அப்பால்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில், பூதலப்பட்டைக் கடந்து சந்திரகிரியை நெருங்கும்போது கண்ணெதிரே எழுந்து நிற்கும் வேங்கட மலைத்தொடரை இன்று நாம் கைகூப்பித் தொழுகிறோம். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகத்திணைப் புலவர்களுக்கு அம்மலை, மனையில் ஒருத்தியைத் தனியே விட்டுப் பொருள் தேடப் புறப்பட்ட ஒருவன் கடந்து செல்லவேண்டிய எல்லையாகவே பெரிதும் காட்சியளித்தது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தைத்தான் குறிக்கிறது. அதற்கு அப்பால் வேற்றுமொழி வழங்கும் தேசம். ஆகவே தலைவன் வேங்கடத்தைக் கடந்துவிட்டான் என்று ஒரு பாட்டு சொன்னால், அவன் கண்ணுக்கு எட்டாத தூரம் போனதோடு, அவளுடைய மொழியே காதில் விழாத இடத்துக்கும் போய்விட்டான் என்று அக்காலத்தார் உணர்ந்து கொண்டார்கள்.

மனித இதயத்தின் காதலையும் இழப்பையும் கவிதை எவ்விதம் வெளியிடுகிறது என்னும் கேள்விக்கு, இந்த மலையைச் சார்ந்து எழுந்த பாடல்களைக் கொண்டே விடை காணலாம் என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதி, அதாவது ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும், பிரிவைப் பேசும் பாலைத்திணைக்கே உரியவை. காதலைத் தொகுக்கப் புகுந்த பெரியோர்கள் பாதி இடத்தைப் பிரிவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அன்பின் ஆழத்தை அளந்தறிவதற்குப் பிரிவைக் காட்டிலும் தக்க கருவி வேறில்லை என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும். அந்தப் பாலைப் பாடல்களில் வேங்கடத்தை மீண்டும் மீண்டும் பாடியவர் மாமூலனார். அத்தொகையில் 61ஆம் எண் பெற்ற அவருடைய பாட்டை மாத்திரம் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

தலைவன் போய்ப் பல நாள் ஆகிவிட்டது. தலைவி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடாக வீட்டின் நெடுஞ்சுவரில் இழைத்து வைத்திருக்கிறாள்; அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள். வேங்கடம் அப்போது புல்லி என்னும் வள்ளலுக்கு உரியதாக, திருவிழாக்களால் பெரும்புகழ் பெற்று விளங்கியது. அத்தகைய வேங்கடத்தையே பெறுவதாக இருந்தாலும், உன் மார்பைப் பிரிந்து அவர் அங்கே தங்கிப் பழகிவிட மாட்டார் என்பது அவள் கூறும் ஆறுதல். துயரம் இவ்வளவு என்று புலவர் எங்கும் அளந்து காட்டவில்லை. கோடுகள் நிறைந்த ஒரு சுவரைக் காட்டினார். கேட்பவன் தானே எண்ணத் தொடங்குகிறான். பட்டாளத்திலோ, வளைகுடா நாட்டிலோ இருக்கும் மகனுக்காகச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டே வரும் தாய்மார்கள் இந்தச் சித்தூர்ச் சீமையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டைப் பதம் பிரித்து விளக்க வேண்டிய அவசியமே இராது.

இங்கே கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு. புல்லியின் பெயரைச் சொன்ன புலவர், அழுகிறவளின் பெயரைச் சொல்லவில்லை. அன்பின் ஐந்திணையில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. புறப்பாட்டில் அந்தத் தடை கிடையாது. வேங்கட நாட்டுத் தலைவனாகிய ஆதனுங்கனிடம் கள்ளில் ஆத்திரையனார் கொண்ட நட்பு, அவன் பெயரோடேயே புறநானூற்றில் நிலைபெற்றிருக்கிறது. அகத்தில் மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு? பெயர் சொன்னால் அந்தத் துயரம் அந்த ஒருத்திக்கே உரியதாகிவிடும். பெயரில்லாதபோது, கேட்கின்ற எவரும் அதற்குள் நுழைந்து அதைத் தம்முடையதாக்கிக் கொள்ள இயலும். புலவரும் தம் நெஞ்சின் அநுபவத்தைத் தம் பெயரால் பேசாமல், தலைவி, தோழி, செவிலி ஆகியோர் வாயிலாகவே பேசுகிறார். வடமொழி மரபும் இதற்கு மாறுபட்டதன்று. வேடனுடைய அம்பினால் துணையை இழந்து கதறிய ஒரு பறவையின் வேதனை கண்டு பொறாத கருணையிலிருந்துதான் வால்மீகியின் முதல் சுலோகம் பிறந்தது என்று ராமாயணமே கூறுகிறது. ஆதிகவியின் வாயைத் திறந்தது தம் துக்கமன்று, பிறிதோர் உயிரின் துக்கம்.

நூற்றாண்டுகள் சென்றன. வேங்கடம் திருமால் உறையும் தலமாகப் பாடப்பெற்றபோதும் அகத்திணையின் இந்தப் பேச்சுமுறை மறையவில்லை. பக்திக்கு அது மொழியாயிற்று. தலைவன் கடந்து செல்லும் மலையாக இருந்தது, தலைவன் வீற்றிருக்கும் மலையாயிற்று. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் வேங்கடத்தை நோக்கிச் செல்லும் மேகங்களைத் தூது விடுகிறார். நம்மாழ்வார் மகளாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று பேசுகிறார். அரசராகிய குலசேகராழ்வாரோ, அந்த மலையில் மீனாகவோ மரமாகவோ படியாகவோ கிடந்தாலும் போதும் என்று ஏங்குகிறார்; திருமலையில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரப்படி என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அவரே பெருமாள் திருமொழியின் மற்றோர் இடத்தில், பெற்றெடுத்த குழந்தையை வளர்க்கும் பேறு பெறாத தேவகியாகிப் புலம்புகிறார். சிறு கைகளால் வெண்ணெயை அளைந்து உண்ணும் கோலத்தைக் கண்டு மகிழும் பாக்கியம் யசோதைக்கு வாய்த்ததே, தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு தாயின் வயிறெரிவதை, முடிசூடிய ஆண்மகன் ஒருவர் பாடுகிறார். இன்னொரு பதிகத்தில் மகனைக் காட்டுக்கு அனுப்பிய தசரதனாகி அழுகிறார். அதிகாரமும் ஐசுவரியமும் நிறைந்த ஒருவர் தம்மை மறந்து ஒரு தாயாகவும் தந்தையாகவும் மாறிய அந்தக் கணத்தில்தான், அவருடைய பாட்டு நம் வீட்டுப் பாட்டாகிறது.

இதே மலையில், 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அன்னமய்யா எனப்படும் தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று, திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் நெடுங்காலம் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்து, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்களின் உழைப்பால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவை அத்யாத்மம், சிருங்காரம் என இருவகைப்படும். தொகையில் மிகுந்து நிற்பவை சிருங்காரக் கீர்த்தனைகளே. அவற்றிலும் பேசுகிறவர் பெரும்பாலும் அன்னமய்யா அல்லர். அலமேலுமங்கை பேசுகிறாள், அல்லது அவளுடைய நிலையைத் தோழியர் எடுத்துரைக்கிறார்கள். மொழி மாறியது, ராகமும் தாளமும் வந்து சேர்ந்தன. நாயகியின் ஊடலும் ஏக்கமும் தோழியின் பரிவும் மாறவில்லை.

நம் காலத்துக்கு வந்தால், சித்தூருக்கு அருகே கட்டமஞ்சியில் 1880இல் பிறந்து, பின்னாளில் ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய ராமலிங்க ரெட்டி அவர்களை நினைக்கிறோம். அவர் மாணவப் பருவத்தில் இயற்றிய 'முசலம்ம மரணம்', உடைய இருந்த ஏரியிலிருந்து ஊரைக் காப்பதற்காகத் தன்னுயிரைக் கொடுத்த ஒரு மருமகளின் கதை. கல்லூரி மாணவர் ஒருவர் பழைய கிராமத்துப் பெண்ணின் மரணத்தில் தம் உள்ளத்தைச் செலுத்தினார். தெலுங்குக் கவிதையின் புதுயுகத்தைத் தொடங்கிய காவியங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

பிறர் வாயில் வைத்துப் பேசுவது உண்மையை ஒளிப்பது ஆகாதா என்று சிலர் ஐயுறலாம். ஆகாது என்பேன். தன் துயரைத் தன்னுடையது என்று மட்டும் சொல்கிறவன் இரக்கத்தைப் பெறுகிறான். அதைப் பிறிதோர் உயிரின் துயராகவும் கண்டு சொல்கிறவன், கேட்பவர் நெஞ்சில் துணையாக நிற்கிறான். காதலிலும் சாவிலும் தனித்துப்போன மனிதனுக்கு, உனக்கு முன்பும் ஒருத்தி இப்படிச் சுவரைப் பார்த்து அழுதாள், அவளையும் ஒரு தோழி தேற்றினாள் என்று கவிதை எடுத்துச் சொல்கிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பேறு உண்டு. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும், அல்லது வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக இரண்டையும் நாம் ஒருங்கே கேட்டு வளர்கிறோம். ஆதலால் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது: அன்னமய்யாவின் கீர்த்தனையைக் கேட்கும் தமிழ் வீடுகள் அதன் பொருளைத் தெலுங்கு அறிந்த அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; அவர்களுக்கு மாமூலனாரின் பாட்டொன்றை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கும் ஒருவரைத் தேற்றப் போகும்போது, சொந்தச் சொற்கள் வராவிட்டால், இந்தப் பெரியோர்களின் சொற்களைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்காகத்தான் அவர்கள் பாடி வைத்தார்கள்.