அல்லித் தொட்டியும் நம் பொறுப்பும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது பள்ளியின் தோட்டக் கழகப் பிள்ளைகள் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் ஓர் அல்லித் தொட்டி வைக்க விரும்புகிறார்கள். இந்தச் செய்தியைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், தண்ணி தேங்குனா கொசு வருமே. நாளைக்கு டிங்கி வந்தா யாரு பதில் சொல்றது?" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே அதுதான் சிறந்த கேள்வி. இன்று நான் பேசப் போவதெல்லாம் அந்த அம்மாவுக்கு நான் தரும் பதில்தான்.

தேங்கிய தண்ணீரைக் கண்டு தோட்டத்து மக்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர்கள் காடழித்துக் கித்தா நட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் ஆயிரக்கணக்கில் உயிரைக் குடித்தது. கொசுவின் உடம்பில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரொனால்டு ரோஸ் கண்டுபிடித்தார். 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் தண்ணீரை வடித்துவிட்டு அங்கே காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் நிழலில் ஓடிக்கொண்டிருந்த ஓடைகள் மேல் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடையிலே வளரும் வேறொரு கொசு அங்கே பெருகியது. ஆகவே மண்ணுக்கடியில் குழாய் பதிக்கவும், தண்ணீர் மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. எண்ணெய்த் தகரத்தைச் சுமந்துகொண்டு ஓடையோரமாகப் போன ஆட்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளரும் என்று தெரிந்துகொள்ளாமல் கொசுவை வெல்ல முடியாது.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரிய குளத்தைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சின்னச் சின்னத் தண்ணீரைத்தான் அது தேடும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி, கவிழ்த்து வைக்காத பால் மங்கு ஆகிய எல்லாம் அதற்குத் தொட்டில்தான். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசு வளர இடம் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

அப்படியானால் அல்லித் தொட்டி ஆபத்தா? ஆளில்லாத தொட்டி ஆபத்துதான். ஆள் பார்க்கும் தொட்டி ஆபத்தில்லை. தொட்டியில் பத்துப் பதினைந்து கப்பி மீன்களை விடுங்கள். கால்வாயில் பிள்ளைகள் சல்லடை போட்டுப் பிடிக்கும் அதே லோங்காங் மீன்தான். கொசுப்புழு என்றால் அதற்கு விருந்து. ஆனால் ஓர் எச்சரிக்கை: இலைகள் நெருக்கமாக மூடிவிட்டால் புழு இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும், மீனால் நுழைய முடியாது. ஆகவே தண்ணீரின் மேற்பரப்பில் பாதியாவது வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். மஞ்சளாகிப் போன இலைகளை வாரந்தோறும் கிள்ளிவிட வேண்டும்.

வளர்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழமுள்ள தொட்டி போதும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாக இருக்கட்டும். நிழலில் இலை வரும், பூ வராது. அகலமான சட்டியில் கனத்த களிமண்ணை நிரப்பிக் கிழங்கை ஊன்றுங்கள். குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மீன் மண்ணைக் கிளறாமலிருக்க மேலே கொஞ்சம் சிறுகல் பரப்புங்கள். சட்டியை முதலில் செங்கல் மேல் உயரமாக வைத்து, இலை நீள நீளச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்து ஆழத்தில் இறக்குங்கள். மழைநீர் நல்லது. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினால் குளோரின் ஓரளவு குறையும். நம் உம்பாய் கடலோரப் பகுதி. கிணற்று நீரில் உப்புத் தட்டினால் அல்லிக்கு ஆகாது.

உரம் பற்றி என் சொந்தத் தவற்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் தொட்டி வைத்தபோது, செம்பனைக்குப் போடுகிற உரம் அல்லிக்கு மட்டும் கசக்குமா என்று நினைத்து ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரிலே போட்டேன். நாலாம் நாள் தண்ணீர் பச்சைப் பாயாசம் மாதிரி ஆனது. ஆறாம் நாள் மீனெல்லாம் மிதந்தது. பாசி தின்ன வேண்டியதை நானே அதற்கு ஊட்டியிருக்கிறேன்! உரம் வேண்டுமென்றால் கொஞ்சமாக எடுத்து, களிமண்ணுக்குள் உருட்டி, வேரருகே புதைக்க வேண்டும். தண்ணீரில் தூவவே கூடாது.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்குச் சில வார்த்தைகள். தாமரைக்கும் அல்லிக்கும் வேறுபாடு தெரியுமா? தாமரை இலை வட்டமாக, வெட்டில்லாமல், தண்ணீரை விட்டு மேலே எழுந்தும் நிற்கும். அல்லி இலை தண்ணீரோடு படிந்து மிதக்கும். காம்பு சேருமிடம் வரை ஒரு வெட்டு இருக்கும். மற்றச் செடிகளுக்கு மூச்சுத் துளைகள் பெரும்பாலும் இலையின் அடியில் இருக்கும். அல்லிக்கு அடியில் தண்ணீர் ஆயிற்றே! அதனால் மேற்புறத்தில் வைத்திருக்கிறது.

அல்லி நிலவைக் கண்டு மலரும் என்பார்கள். சில வகைகள் மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும். நீல அல்லியோ காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். இலங்கையின் தேசிய மலர் அந்த நீல அல்லி. வங்காள தேசத்துக்கு வெள்ளல்லி. நம் பழந்தமிழரோ குவளை, ஆம்பல், நெய்தல் என்ற பூப்பெயர்களைப் பேரெண்களுக்குப் பெயராக வைத்தார்கள். பரிபாடலில் அதற்குச் சான்று உண்டு. நம் தொட்டியில் இருப்பது எந்த வகை, எத்தனை மணிக்கு மலர்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் நீங்களே குறித்து வையுங்கள்.

இலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கலாம். இங்கிலாந்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். விவசாயி மகன், பொறியியல் படித்தவரல்லர், தோட்டக்காரர். 1849-இல் அமேசான் ஆற்றுப் பேரல்லியை அங்கே பூக்க வைத்தார். அதன் இலை மேல் தம் சின்ன மகளை நிற்க வைத்தார், இலை தாங்கியது. இலையின் அடியைப் புரட்டிப் பார்த்தார். தடித்த நரம்புகளும் அவற்றைக் குறுக்கே இணைக்கும் மெல்லிய நரம்புகளும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதைக் கண்டார். 1851-இல் இலண்டனில் திறக்கப்பட்ட, 1,800 அடிக்கு மேல் நீளமுள்ள கண்ணாடி மாளிகையை அவர் வடிவமைத்தபோது அந்த இலை கற்றுக் கொடுத்த பாடம் கை கொடுத்தது. மண்ணிலே வேலை செய்கிற கைக்கும் கூர்ந்து பார்க்கிற கண்ணுக்கும் உலகம் தலை வணங்கியது. தோட்டத்திலே பிறந்த நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று: தொட்டியில் மிகுந்த செடியையோ மீனையோ ஆற்றில் கொட்டாதீர்கள். பகாங்கில் தாமரைக்குப் பேர்போன தாசிக் சினி ஏரியில், மீன்தொட்டி அலங்காரத்துக்கு வளர்க்கும் கபொம்பா என்ற தென்னமெரிக்கச் செடி பரவித் தொல்லை கொடுத்தது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான், அழகாக வந்து ஆற்றையே அடைக்கும். இரண்டு: முழங்காலளவுத் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு எமன். தொட்டிக்கு மேல் கம்பி வலை, சுற்றிலும் வேலி, பக்கத்தில் பெரியவர் ஒருவர். இம்மூன்றும் இல்லாமல் தொட்டியே வேண்டாம்.

கடைசியாக அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி விடுமுறையில் யார் பார்ப்பது? கொசுவுக்கு விடுமுறை கிடையாதே! மீன் செத்துப்போனாலும் தெரியாது. இலை மூடினாலும் தெரியாது. பத்தே நாளில் நம் அல்லித் தொட்டி கொசுத் தொட்டியாகிவிடும்.

ஆகவே பெற்றோர்களிடம் பணம் கேட்கவில்லை, முறை கேட்கிறேன். விடுமுறையில் வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து, மீன் இருக்கிறதா, புழு இருக்கிறதா, இலை அழுகியிருக்கிறதா என்று பார்த்து, சுற்றிலும் கிடக்கும் வாளி, தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அரை மணி நேர வேலை. வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எல்லா வாரத்துக்கும் பெயர் வந்தால் தொட்டி வைப்போம். ஒரு வாரம் காலியாக இருந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம். அதில் எனக்கு வருத்தமில்லை. பார்க்க ஆளில்லாமல் தண்ணீரைத் தேக்கி வைப்பதைவிட அதுவே மேல்.

முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே யார் பெயர் எழுதியிருக்கிறது தெரியுமா? "டிங்கி வந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாரே, அந்த அம்மாவின் பெயர்தான். மீதி வாரங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.