ஜாதகக் கட்டமா? குடும்பப் படமா?

(அம்பத்தூரில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



மணமக்களைப் பாராட்டிப் பேச வேண்டிய இடத்தில் நான் நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். இது அபசகுனம் என்று வைதிகர்கள் சொல்லுவார்கள். யாருக்கும் விளங்காத பாஷையில் புரோகிதன் எதையோ முணுமுணுத்துவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போனால் அது மங்களம். பிறக்கப் போகிற பிள்ளையின் நலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த தமிழில் நாம் பேசினால் அது அமங்களமா? இந்த நோய்களைப் பற்றிப் பேசத் தகுந்த இடம் சாவு வீடல்ல, மண வீடுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நம் நாட்டிலே கல்யாணம் என்றால் என்ன பார்க்கிறார்கள்? ஜாதி பார்க்கிறார்கள், ஜாதகம் பார்க்கிறார்கள், சொத்து வெளியே போகாமலிருக்க முறைப் பையனைப் பார்க்கிறார்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியா முழுமைக்கும் 100 பெண்களில் 11 பேர் இரத்த உறவில் மணமானவர்கள். தமிழ்நாட்டிலோ 28 பேர்! வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயமல்ல இது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

என் தமக்கையை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். ஜோசியன் பத்துப் பொருத்தமும் பார்த்து, "உத்தமம்" என்றான். முதல் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் கேட்கவில்லை. உடனே அதே ஜோசியன் "நாகதோஷம்" என்றான். கோயில் கோயிலாகப் போனோம். நாகப் பிரதிஷ்டை செய்தோம். காதிலே போட்டிருந்த தோடும் அடகுக்குப் போயிற்று. மாமியாரோ, "மருமகள் இரத்தம் கெட்ட இரத்தம்" என்று திட்டினார். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! அந்த மாமியார் யார்? என் தமக்கையின் சொந்தப் பாட்டி! மருமகளுடைய இரத்தம் கெட்டதானால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது?

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கு வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். ஜோசியனாவது எங்களை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினான்! அவன் சொன்னது பொய். ஆனாலும் அவன் பேசினான். அவனிடம் ஜனங்கள் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில வருஷம் கழித்து, வேறோரிடத்தில், இந்த வேலைக்கென்றே படித்த ஒரு பெண் எங்களை உட்காரவைத்து ஒரு படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. பிறகு விளக்கினார்: ஒவ்வொருவரிடத்திலும் ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இம்மாதிரிக் குறைகளில், ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகையால் பழுது இருப்பது நமக்கே தெரியாது. ஒரே வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் மணந்தால், ஒரே பழுது இருவரிடத்திலும் இருக்க இடமுண்டு. இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் குறை வெளிப்படும். இரண்டு காசைச் சுண்டிப் போட்டால் இரண்டும் தலை விழ நாலில் ஒரு வாய்ப்பு இருப்பதுபோல, அந்தப் பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்பது தப்புக் கணக்கு. காசுக்கு ஞாபகம் கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு என் தமக்கை ஒன்றுதான் கேட்டார்: "அப்படியானால் இது நான் செய்த பாவமில்லையா, அம்மா?" "பாவமுமில்லை, உங்கள் ஒருவருடைய குறையுமில்லை. இருவரிடமிருந்தும் வந்தது" என்றார் அந்தப் பெண். பதினாறு வருஷ அழுகை அன்றைக்குத்தான் நின்றது.

தோழர்களே! இப்படிச் சொல்லுகிறவருக்குத்தான் மரபணு ஆலோசகர் என்று பெயர். இந்தப் பெயரை 1947-இல் அமெரிக்காவில் ஷெல்டன் ரீட் என்பவர் வைத்தார். அதற்குமுன் இந்த அறிவு எவ்வளவு கொடிய கையில் இருந்தது தெரியுமா? ஜெர்மனியில் 1933-இல் ஹிட்லர் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, பரம்பரைச் செவிடு, பரம்பரைக் குருடு என்று சொல்லப்பட்டவர்களைக்கூடப் பலாத்காரமாக மலடாக்கிற்று. அந்த நாட்டில் பிறந்திருந்தால் என் தமக்கை பிள்ளைகளுக்கும் அதே கதிதான். ஆகவே ஆலோசகருடைய முதல் தர்மம் உத்தரவு போடாமலிருப்பது. உள்ளதைச் சொல்ல வேண்டும். வழிகளைச் சொல்ல வேண்டும். முடிவை அந்தத் தாய் தகப்பனுக்கு விட்டுவிட வேண்டும். உத்தரவு போடுகிறவன் புதுப் புரோகிதன், அவ்வளவுதான்.

இப்படிப் பேசுவது எல்லோருக்கும் தானாக வந்துவிடுமா? அம்பத்தூரில் ஒரு பையன் பிட்டர் ஆக ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படிக்கிறான். அதற்குமேல் பட்டறையிலே கை பழக வேண்டும். இரும்பைத் தொடுவதற்கே இவ்வளவு பயிற்சி வேண்டுமானால், ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் தொடுவதற்கு வேண்டாமா? அமெரிக்காவில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1969-லேயே இதற்கென்று படிப்பு தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் 2014-இல்தான் ஆலோசகர்களுக்குச் சான்று தர ஒரு வாரியம் ஏற்பட்டது. 140 கோடி ஜனங்களுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

2023-இல் மத்திய சர்க்கார் அரிவாள் செல் சோகையை ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரைச் சோதிப்பதாகச் சொன்னது. நல்ல காரியம், சோதித்தவர்களுக்கு அட்டையும் கொடுக்கிறார்கள். ஆனால் விளக்க ஆளில்லாமல் அட்டை மட்டும் போனால் என்ன நடக்கும்? பழுது ஒன்றை மட்டும் சுமக்கிற பெண்ணுக்கு நோயே இல்லை. அவளைக்கூட "இவள் ஆகாதவள்" என்று தள்ளுவார்கள். செவ்வாய் தோஷம் போய், அட்டை தோஷம் வந்துவிடும்! ஸ்கேன் வந்தபோது அதைக்கொண்டு பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழித்தவர்கள்தானே நாம்? அதற்காக 1994-இல் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. கருவி வந்துவிட்டால் அறிவு வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

நம் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தில் மனித மரபியலுக்கு ஒரு துறையே உண்டு. பூந்தமல்லியில் சுகாதார ஊழியரைப் பழக்குகிற சர்க்கார் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. படித்த ஆலோசகர்களுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் உத்தியோகம் ஏற்படுத்தட்டும். வேலை இல்லாத படிப்பை யார் படிப்பார்கள்? கிராம சுகாதார செவிலியர்களுக்குக் குடும்பப் படம் போடவும், எந்த வீட்டை ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்று அறியவும் சொல்லிக் கொடுக்கட்டும். பாடம் தமிழில் இருக்கட்டும். காது கேளாதவர்களோடு பேசச் சைகை மொழியும் சேரட்டும். இதை நாம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உறவில் மணந்தவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். சாதாரணமாக 100 பிள்ளைகளில் 2, 3 பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை வரும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு பங்கு. தாய்மாமன் கல்யாணத்தில் அதற்கும் அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கின்றன. குறையோடு பிறந்த பிள்ளையும் நம்மைப்போல் மானமுள்ள மனிதனே. என் தமக்கையின் மூத்த மகன் ஆவடியில் லேத் ஓட்டித் தாயைக் காப்பாற்றுகிறான்.

மணமக்களே! நீங்கள் ஜாதகம் பார்க்கவில்லை, சந்தோஷம். இரு வீட்டுக் கிழவிகளையும் உட்காரவைத்து, மூன்று தலைமுறைப் படம் ஒன்று போட்டு வையுங்கள். அதில் ராகுவும் கேதுவும் இருக்கமாட்டார்கள். உங்கள் மனிதர்கள் இருப்பார்கள். நீங்கள் சமமாக, அறிவோடு வாழுங்கள் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.