முதலில் வந்தவரை மட்டும் பார்த்தால் போதுமா?

(அய்யலூர் குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளிடம் இருக்கும் விளையாட்டுத் திறனை அடையாளம் காண்பது, அவர்களுக்கு ஏற்ற விளையாட்டில் சேர்ப்பது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை, அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். இங்கே அமர்ந்திருக்கும் பெரும்பாலோரும் என்னைப் போல வகுப்பறை ஆசிரியர்கள்தான். நம் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஆகவே ஒரு குழந்தை ஓடுவதையும் தாண்டுவதையும் அதன் முதல் பத்து வயதுக்குள் தினமும் பார்க்கும் பெரியவர்கள் நாம்தான். உடற்கல்வி ஆசிரியர் பார்க்கும்போது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ போயிருக்கும்.

நான் இன்று ஒரே ஒரு கருத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். ஆண்டு விளையாட்டு விழாவில் முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பட்டியலைத் திறமைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு வெளியே நிற்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

மாரியப்பன் படித்த பள்ளி

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் மாரியப்பனுக்குப் பிடித்தது வாலிபால். அந்தப் பையனைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். 14 வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். பிறகு பயிற்சியாளர் சத்யநாராயணாவின் பார்வையில் பட்டு, பெங்களூருவில் பயிற்சி பெற்றார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் பதக்க மேடை இல்லை. பள்ளி மைதானத்தில் நடந்த அந்த மாற்றம்தான். வாலிபாலில் இரு பக்கமும் ஓட வேண்டும், திரும்ப வேண்டும், இரண்டு காலிலும் ஊன்றி எம்ப வேண்டும். உயரம் தாண்டுதலில் விதிப்படியே ஒரு காலால்தான் எம்ப வேண்டும். ஒரு கால் பழுதானாலும் மறு கால் வலுவாக உள்ள ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி எது? விளையாட ஆசைப்பட்ட பிள்ளையை "உனக்கு எதுக்கப்பா?" என்று ஓரமாக உட்கார வைக்காமல், அவனால் எது முடியும் என்று ஓர் ஆசிரியர் பார்த்தார். நாம் பேசும் பொருள் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

வளர்ச்சி வேறு, திறமை வேறு

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் மீசை அரும்பி நிற்பான். பக்கத்தில் நிற்பவன் ஐந்தாம் வகுப்புப் பையன் போல இருப்பான். இருவருக்கும் வயது பதின்மூன்றுதான். வளர்ச்சி வேகம் பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்குப் போகிறது. ஆனால் சராசரிக்கு இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் வருபவர்கள் நிறைய. முன்னதாக வளர்ந்தவன் குண்டை அதிக தூரம் எறிகிறான், 100 மீட்டரில் முந்துகிறான். அவன் வாங்கும் பரிசில் ஒரு பங்கு அவன் வளர்ச்சிக்கு உரியது. மற்றவர்கள் வளர்ந்து எட்டிப் பிடித்ததும் அந்தப் பங்கு குறைந்துவிடும்.

பிறந்த மாதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1980-களில் கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த நாள்களை ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். காரணம் எளிது. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது பெரியவன். பெரியவனாக இருப்பதால் தேர்வாகிறான், தேர்வானதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சியால் மேலும் முந்துகிறான். சின்னவன் "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறான். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கும் நம் பள்ளி விளையாட்டுகளிலும் இதே நிலைதான்.

நம் ஊர் ஆட்டுச் சந்தையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை ஆட்டோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம், பார்க்கும் முறையைத்தான் சொல்கிறேன். கறிக்கு வாங்க வந்தவர் ஆட்டைத் தூக்கிப் பார்த்து இன்றைய எடையைக் கணக்கிடுவார். வளர்ப்புக்கு வாங்க வந்தவர் பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்வார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். நாம் வளர்ப்புக்குப் பார்ப்பவர்கள். வட்டாரப் போட்டிக்கு அணி அனுப்ப வேண்டிய அவசரத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

எதைப் பார்ப்பது?

ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைகளை எந்த விளையாட்டுக்கும் "தேர்வு" செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் விளையாட விடுங்கள். நொண்டி, பாண்டி, பச்சைக் குதிரை, தட்டாங்கல், கயிறு தாண்டுதல், தொட்டுப் பிடித்தல் போதும். நொண்டியில் சமநிலையும் கால் வலுவும் தெரியும். தட்டாங்கல்லில் கண்ணும் கையும் ஒத்துழைப்பது தெரியும். தொட்டுப் பிடித்தலில் யார் வேகமாக ஓடுகிறார் என்பதோடு, யார் சட்டென்று திசை மாற்றித் தப்பிக்கிறார் என்பதும் தெரியும். கபடிக்கும் பூப்பந்துக்கும் அந்தத் திருப்பம்தான் முதலீடு.

அளந்து பார்க்கவும் பெரிய கருவி வேண்டாம். கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயது வரை உயரம்-எடை விகிதம், ஒற்றைக் காலில் நிற்றல், இரண்டு வட்டங்களை மாறி மாறிக் கையால் தட்டுதல் ஆகியவைதான். 9 வயதுக்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து கால் நீட்டி முன்வளைதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை சேர்கின்றன. சுண்ணாம்புத் தூளும் கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் போதும். நின்ற இடத்திலிருந்து முன்னால் தாண்டும் தூரம், டென்னிஸ் பந்தை எறியும் தூரம் இரண்டையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்று சொல்கிறேன். 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, பிள்ளையின் விரல்களுக்கு நடுவே பூஜ்யம் இருக்குமாறு வைத்து, சொல்லாமல் விடுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. முன்னதாகப் பிடித்தால் இன்னும் விரைவு. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாட்டுக்கும் இது நல்ல செய்முறை. உடல் சிறுத்த பிள்ளைகளும் இதில் பளிச்சென்று தெரிவார்கள்.

ஒரு முறை அளந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். யார் அதிகம் தாண்டினார் என்பதைவிட, யார் அதிகம் முன்னேறினார் என்பது முக்கியம். புதிய அசைவு ஒன்றைச் செய்து காட்டினால் இரண்டு மூன்று முயற்சியில் பிடித்துக்கொள்பவர் யார்? தோற்ற பிறகும் "இன்னொரு தடவை சார்" என்று வருபவர் யார்? மணி அடித்த பிறகும் பந்தை விடாதவர் யார்? இவற்றை எந்த ஸ்டாப்வாட்ச்சும் காட்டாது. தினமும் பார்க்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும்.

எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு?

தசை வேகமும் துள்ளலும் உள்ள பிள்ளை குறுந்தூர ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலுக்கும் பொருந்தும். மெலிந்த உடலோடு, எவ்வளவு ஓடினாலும் சீக்கிரம் மூச்சு வாங்காத பிள்ளைக்கு 800, 1500 மீட்டர். வயதுக்கு மீறிய உயரமும் நீண்ட கையும் இருந்தால் வாலிபால், கூடைப்பந்து, எறிதல் போட்டிகள். குள்ளமாகவும் வளையும் உடலாகவும் இருந்தால் ஜிம்னாஸ்டிக்ஸ், சிலம்பம். விரைவான கண்-கை ஒத்துழைப்புக்கு மேசைப்பந்து, இறகுப்பந்து. எடைப் பிரிவு உள்ள மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, பளுதூக்குதல் ஆகியவற்றில் சிறிய உடல் ஒரு குறையே இல்லை.

இவையெல்லாம் தொடக்கக் குறிப்புகள்தான், தீர்ப்பு இல்லை. திருச்சி மாவட்டம் லால்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் முதலில் நீளம் தாண்டுபவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகு 400 மீட்டருக்கு மாறினார். 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதில் வெண்கலம் பெற்றார். இங்கிலாந்தில் 2007-இல் உயரமான இளைஞர்களைத் தேடி ஒரு திட்டம் நடத்தினார்கள். அதில் வந்த ஹெலன் குளோவர் 2008-இல்தான் துடுப்புப் படகைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 20-க்கு மேல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸும் நீச்சலும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டியவை. எறிதல், நெடுந்தூர ஓட்டம் போன்றவற்றுக்குக் காலம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே "இவன் குண்டு எறிபவன்" என்று முத்திரை குத்தி வேறு எதையும் தொடவிடாமல் செய்ய வேண்டாம்.

விடுபட்டுப் போகும் பிள்ளைகள்

திறமை இருந்தும் நம் கையிலிருந்து நழுவுபவர்களில் பெண் குழந்தைகள் அதிகம். ஏழாம் வகுப்பு வரை மைதானத்தில் முன்னால் நின்ற பிள்ளை எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். கேட்டால் தலைகுனியும். "வயசுக்கு வந்த புள்ளைய இப்படி ஓட விடணுமா சார்?" என்று அம்மா கேட்பார். அந்தத் தாயிடம் வாதாடிப் பயனில்லை. உடன் வரும் ஆசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், உடை மாற்ற இடம் உண்டா என்ற மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரையே மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். மகள் ஓடுவதைப் பார்த்த பிறகு மனம் மாறிய தாய்மார்கள் உண்டு.

மதுரைக்கு அருகில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பு. பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் பேசிப் புரியவைத்தார், கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு கண் பட்டது. அதுவும் படாமல் போயிருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகள், விடுப்பு அதிகம் எடுக்கும் பிள்ளைகள், வகுப்பில் "சொன்ன பேச்சுக் கேட்காதவர்கள்" ஆகியோரையும் கணக்கில் சேருங்கள். போட்டிக்குப் பெயர் கேட்டால் இவர்கள் கை தூக்க மாட்டார்கள். நாம்தான் கூப்பிட வேண்டும்.

கண்டறிந்த பிறகு

அடையாளம் கண்டால் மட்டும் போதாது, அடுத்த படிக்குக் கைமாற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்குக் கொடுத்தனுப்புங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று செல்லும் பள்ளி விளையாட்டுகள் ஒரு வழி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இன்னொரு வழி. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கைக்கான தேர்வு நடக்கும். தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். அறிவிப்பு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வருவதால் நம் பிள்ளைகள் காதில் விழுவதில்லை. திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தோடு தொடர்பில் இருங்கள். "விளையாடினா சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரிடம், அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லுங்கள்.

எல்லாரும் மாரியப்பனாகவும் ரேவதியாகவும் ஆக மாட்டார்கள். பத்துப் பேரில் ஒருவர் மாவட்ட அளவுக்குப் போனாலே பெரிது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் ஒரு பிள்ளைக்கு, தனக்கும் ஒன்று நன்றாக வரும் என்று தெரிந்த நாளிலிருந்து பள்ளி பிடித்துப் போகிறது. வருகைப் பதிவேட்டில் அந்த மாற்றம் தெரியும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். முதலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பிறந்த தேதி, உயரம், நான்கு அளவீடுகள், நீங்கள் கவனித்த ஒரு வரி. காலாண்டு விடுமுறைக்கு முன் ஒரு முறை, அரையாண்டுக்குப் பின் ஒரு முறை எழுதுங்கள். இரண்டாவது, என்னைப் போன்ற பாட ஆசிரியர்களுக்கு. பாடம் முடியவில்லை என்று விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்காதீர்கள். அந்த நாற்பது நிமிடமும் மைதானத்தில் நின்று பாருங்கள். வகுப்பறையில் தெரியாத பிள்ளைகள் அங்கே தெரிவார்கள்.